ஈரத் தரை

இங்கிலாந்தில் எங்கோ ஒரு மைதானத்தில்
நேற்றிரவு மழை பெய்திருக்கிறது.
புல் கனத்துக் கிடக்கும்.
நாலாம் இலக்கக் குதிரைக்கு அது பிடிக்கும்.
அந்த ஊரை நான் கண்டதில்லை,
அதன் வானத்தை மணிக்கொரு தரம் விசாரிக்கிறேன்.

ஆமர் வீதியில் என் வீட்டுத் தகரம்
மூன்று மாதமாய் ஒழுகுவதை
றெஜினாதான் சொன்னாள்.
சொன்னாள் என்றில்லை,
என் தலைமாட்டில் ஒரு வாளியை வைத்தாள்.

பழைய சோனகத் தெருவில்
ஆணி, பூட்டு, பிணைச்சல், பெயின்ட்.
பதினாறு வருஷம் கல்லாவில் இருந்தவன் நான்.
நாலு டசின் பிணைச்சல் போனால்
மூன்று டசின் என்று எழுதிய கை
முதல்நாள் நடுங்கியது.
பிறகு கையெழுத்து
முன்னைவிட அழகாய் வந்தது.

திருப்பி வைத்துவிடுவேன், திருப்பி வைத்துவிடுவேன்:
அந்த நாட்களில் இதுதான் என் செபம்.
தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார்.
செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில்
மெழுகுதிரி கொளுத்தி
அவரிடம்போய்
தொலைப்பதற்கு ஓர் இலக்கம் கேட்டேன்.

ரிழ்வான் ஹாஜியார் சத்தம் போடவில்லை.
பேரேட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.
"நாளையில இருந்து கல்லாவ மகன் பாப்பான்.
நீங்க குடோன்ல நில்லுங்க, அலோசியஸ்."

நீங்க.
பதினாறு வருஷமும் நீ என்றுதான் கூப்பிட்டவர்,
வீட்டுப் பிள்ளையைப்போல.

இப்போது ஆணி நிறுக்கிறேன்.
கிலோவுக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.
குடோன் திறப்பு வேறொருவன் இடுப்பில்.

ஐந்தரைக்கு முதல் ஓட்டம்.
ஐந்துலாம்படிச் சந்தியில், மருந்துக்கடைக்கு மேலே
கறுப்புக் கண்ணாடிக் கதவு.
உள்ளே ஏசி. பிளேன்டீ சும்மா.
"அய்யே, கொஹொமத?" என்று
சிலிப்பை நீட்டுவான் தனுக.
என்னைக் கண்டால் இன்னும் முகம் மலர்கிறவன்
அவன் ஒருவன்தான்.
சிங்களவர், தமிழர், சோனகர்,
எல்லாரும் ஒரே டிவியை அண்ணாந்து பார்த்து
ஒரே குதிரைக்கு மூச்சைப் பிடித்திருப்போம்.
இந்த நாட்டில் வேறெங்கும்
இத்தனை ஒற்றுமையை நான் கண்டதில்லை.

றெஜினா காசை ஒளித்த இடங்கள்:
அரிசி வாளி, மாதா படத்தின் பின்புறம்,
பெனிற்றாவின் கணக்குக் கொப்பி உறை,
ஒருமுறை, பழுதான இஸ்திரிப்பெட்டி.
எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன்.
வேலையில் ஒருநாளும்
இவ்வளவு கெட்டிக்காரனாய் இருந்ததில்லை.

வென்றதையும் சொல்லவேண்டும்.
ஒரு சனிக்கிழமை, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
சட்டைக்குள் அது சூடாய் இருந்தது,
பிறந்த குழந்தையைத் தூக்கியதுபோல.
செட்டியார் தெருவுக்கு நடந்தேன்.
அவளுடைய கொடி அங்கேதான் அடகில்,
வட்டியோடு ஒன்று தொண்ணூறு.
கடை திறந்திருந்தது.
தராசுக்காரர் என்னைப் பார்த்து எழும்பக்கூடச் செய்தார்.
கடைசி ஓட்டத்துக்கு
இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அந்தக் காசில் வீட்டுக்கு வந்துசேர்ந்தது
ஒரு கொத்துரொட்டிப் பார்சல்.
"இன்டைக்குச் சம்பளமாப்பா?" என்று கேட்டு
விரலை நக்கி நக்கித் தின்றாள் பெனிற்றா.
றெஜினா பசியில்லை என்றாள்.

இப்போது அவள் ஒளிப்பதில்லை.
காலையில் பர்ஸ் மேசையில் திறந்தே கிடக்கிறது,
உள்ளே என் பஸ் காசு மட்டும், எண்ணி வைத்தது.
மிச்சம் வத்தளையில், தங்கச்சி வீட்டில்.
பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அங்கே போய்விட்டது.
போன கிழமை இரண்டு சேலை.
நேற்று தையல் மெஷின்.
நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

இரவு தகரத்தில் அடித்துக் கொட்டுகிறது.
தலைமாட்டு வாளி நிறைகிற சத்தம்
மெல்ல மாறுகிறது.
அவள் விழித்திருக்கிறாள்,
மூச்சில் தெரிகிறது.
நான் எழுந்து ஊற்றவேண்டும்,
இதையாவது.

படுத்தபடி யோசிக்கிறேன்:
நாளைக்கு
அங்கேயும் பெய்யுமா.