மூன்று வீதக் கழிவு

வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை கொழும்புக்குப் போகவேண்டும்.
ஏழு நிரல்கள். ஆறு நிரம்பிவிட்டன.
பண்ணைக் கடலின் காற்று
சுகாதாரப் பணிமனையின் கண்ணாடியைத் தட்டுகிறது;
தாள்கள் பறக்காமல் பிளேன்ரீக் கோப்பையை மேலே வைத்திருக்கிறேன்.

ஒரு கர்ப்பிணிக்கு ஒரு குருதிச் சோதனை:
குழாய், ஊசி, ஆய்வுகூடத் தம்பியின் கால்மணி நேரம்.
அவள் காவி என்றால் கணவனுக்கும் ஒன்று.
இருவருமே என்றால் கொழும்புப் பயணம், வயிற்றில் ஒரு நீள ஊசி.
இதெல்லாம் இடப்பக்கம்.
வலப்பக்கம் ஒரு தலசீமியாப் பிள்ளை:
மாதாமாதம் குருதிப் பை, வடிகட்டி,
இரும்பை இறக்கும் மருந்து, அதற்கொரு பம்ப்,
வருடங்கள்.

தூர இருக்கும் வருடம் மலிவு என்கிறது கைநூல்.
ஆண்டுக்கு மூன்று வீதம் கழி.
கணிப்பானில் முப்பது தரம் வகுத்துப் பார்த்தேன்:
இன்று பிறப்பவனின் முப்பதாவது வயது
ரூபாவுக்கு நாற்பத்தொரு சதம்.
எனக்கு முப்பத்தொன்று.
நாற்பது.

மருந்து விலை மருந்தகத்தில் கிடைத்தது.
மிச்சத்துக்குப் புதன் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
அனலைதீவிலிருந்து முதல் படகில் வந்திருந்தாள் அருந்தவமலர்.
மகன் கஜீபன், பதினாலு வயது,
ஒரு கையில் குருதி ஏறுகிறது, மற்றதில் போன்;
விக்கெட் விழுந்தபோது மட்டும் நிமிர்ந்தான்.

என் பட்டியலை வாங்கி வாசித்தாள்
கடைக்காரனின் கணக்கைச் சரிபார்ப்பதுபோல.
"படகு இல்லை. ஊர்காவற்றுறையிலயிருந்து பஸ் இல்லை.
நண்டுக் கொம்பனியில எனக்கு ஒரு நாள் வெட்டு, அதுவும் இல்லை.
கடல் குழம்பினா முதல் நாளே வந்து வாங்கில்ல படுக்கிறம்,
அதுக்கு என்ன போடுவியள்?"
எழுதினேன். நிரல் அகலம் போதவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி:
"அண்டைக்கு இந்த ரெஸ்ற் இருந்திருந்தா
எடுத்திருப்பன் பிள்ளை.
அதுக்குப் பிறகு என்ன செய்திருப்பன் எண்டு கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை.
கைநூலும் கேட்கவில்லை.
அது வேறெங்கோ எழுதிய சூத்திரம்;
அங்கே கண்டறிந்தபின் ஒரு கதவு திறக்குமாம்.
இங்கே சட்டம் அந்த இடத்தைச் சுவரென்று எழுதியிருக்கிறது.
ஏழாம் நிரலின் தலைப்பு மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது:
'தவிர்க்கப்பட்ட பிறப்புகள்'.

போனிலிருந்து கண்ணெடுக்காமல் கஜீபன் சொன்னான்:
"தங்கச்சிக்குப் பாத்தாச்சு அக்கா. காவிதானாம்.
அவளின்ர கலியாணத்துக்கு முதல் மற்றாளுக்கும் பாக்கவேணும்.
அதுக்கும் ஒரு கோடு போடுங்கோ."
தங்கச்சிக்கு எட்டு வயது.

திரும்பும் வழியில், கஸ்தூரியார் வீதியில், சாத்திரியாரின் பலகை.
போன மாதம் எனக்குப் பொருத்தம் பார்க்க அம்மா கொடுத்த காசில்
மூன்று பேருக்குக் குருதி பார்க்கலாம்.
பத்தில் எட்டுப் பொருந்தியதாம்.
அந்த எட்டில் ஒன்றுகூடச்
சிவப்பணுவின் அளவைக் கேட்டதில்லை.

திட்டம் இலாபந்தான்.
பொய்யில்லை, மும்முறை கூட்டினேன்.
கலியாணத்துக்கு முன்பே பார்த்தால் இன்னும் இலாபம்;
அதைச் சிபாரிசில் முதலாவதாக வைத்தேன்.
ஏழாம் நிரலில் விடை தசமத்தில் வந்தது:
வருடத்துக்கு இரண்டு தசம் ஆறு பிள்ளைகள்.

அடிக்குறிப்பில் எழுதினேன்:
படகும் ஒரு நாள் கூலியும் சேர்க்கப்பட்டுள்ளன.
கடல் குழம்பும் இரவுகள் சேர்க்கப்படவில்லை.

பணிமனை வெறிச்சோடியபின் ஏதோ நினைத்து
கழிவு வீதத்தைச் சுழியாக்கி ஒருமுறை ஓட்டினேன்,
அவனுடைய முப்பதாவது வயது முழு ரூபாவாய் நிற்கட்டும் என்று.
நின்றது.
நின்றதும், அவன் பிறக்காதிருப்பதன் இலாபம்
இரண்டு மடங்கானது.

கோப்பை ஆறிப்போயிருந்தது.
மூன்றைத் திரும்ப இட்டு
அனுப்பிவிட்டேன்.