குறிப்பில் சேராதவை

பிஸ்மார்க், ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
குழுவறையில் சூடு அதிகம்.
நாற்காலி முதுகுகளில் தொங்கும் கோட்டுகள்
பனியைத் தரைவிரிப்பில் சொட்டவிடுகின்றன.
என் பொறுப்பில் மூன்று விளக்குகள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
யார் வந்தாலும் மூன்று நிமிடம்.
எண்ணெய்க் கம்பெனி வக்கீலுக்கும் அவ்வளவுதான்;
மிச்சத்தை அவர்
மத்தியானச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்.

எண் சொல்லிக் கூப்பிட்டேன். மார்லிஸ் ட்வெய்ட் எழுந்தார்.
கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்பும்
ஒரு சின்னச் சங்கம், மூன்று வயது வரைக்கும்.
கிராஃப்டனிலிருந்து நாலு மணி நேரம்
தானே ஓட்டி வந்திருக்கிறார்.
பூட்ஸ் ஓரத்தில் சாலை உப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

பச்சை.

மூளை என்று தொடங்கினார்.
வரைபடம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.
இந்தக் குழு வரைபடங்களில் மூழ்கி எழுந்த குழு.
ஒருவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
இன்னொருவர் போனில் கோதுமை விலை பார்த்தார்.
எனக்குத் தெரியும். நான் பின்னால் உட்கார்பவள்.

கூட வந்தவள் டேசியா,
சர்க்கரைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிப்ட்,
வேலை முடிந்து நேரே இங்கே.
மடியில் ஜூனிபர், பத்து மாதம்.
பெயர்ப் பட்டியலில் இல்லை.

ஜூனிபர் கரண்டியைப் போட்டாள்.
மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி,
துள்ளிக்கொண்டு போய் செனட்டர் ஹாகன் காலடியில் நின்றது.
அவருக்கு எழுபத்தொன்று. முழங்கால் மாற்றியவர்.
இது அரசாங்கத்தின் வேலையா என்று
காலையிலேயே ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தவர்.
குனிந்தார். எடுத்தார். கொடுத்தார்.
அவள் அவரைப் பார்த்தாள்.
கரண்டியைப் பார்த்தாள்.
போட்டாள்.

"தா," என்றாள்.
"தா?" என்றார் அவரும், குனிந்தபடியே.
"தா."

மார்லிஸ் பேச்சை நிறுத்திவிட்டார்.
இன்னும் ஒரு நிமிடம் பத்து வினாடி இருந்தது.
காகிதத்தை மடித்துவிட்டு அவர்களையே பார்த்தார்.
பேனா பாதியில் நின்றது.

மஞ்சள்.

மூன்றாவது தடவை, விழுவதற்கு முன்பே
அவர் கை கீழே காத்திருந்தது.
அதை அவள் கவனித்தாள்.
எட்டிக் குனிந்து, கரண்டியை
அந்தக் கைக்குள் வைத்தாள்.

ஐந்து மாதம் வரை கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று
டேசியா சொன்னது மைக்கில் விழவில்லை.
செவ்வாய்தோறும் ஒருத்தி வருவாளாம்,
துவைக்காத துணிகளுக்கு நடுவே தரையில் உட்காருவாளாம்,
அவள்தானாம் முதலில் கேட்டது:
காதில் நீர் கோத்திருக்குமோ, பார்த்தீர்களா?

சிவப்பு. அதாவது, சிவப்பாகியிருக்க வேண்டும்.
விரல் பொத்தான்மேல் இருந்தது.
என் இரண்டாவது பையன்
மூன்று வயது வரை ஒரு சொல் பேசவில்லை.
காத்திருப்போர் பட்டியலில் பதினொரு மாதம் கிடந்தோம்.
இந்த அறையில் யாரிடமும் சொன்னதில்லை;
குமாஸ்தாவுக்கு அபிப்பிராயம் கிடையாது.
நாற்பது வினாடி கழித்து அழுத்தினேன்.
பதினாறு வருடத்தில் முதல் தடவை.
யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

வாக்கு: ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஏழு.
ஹாகன் எதிர்த்துத்தான் கை தூக்கினார்,
கரண்டி இல்லாத கையை.

"அடுத்த கூட்டத்தொடர்," என்றார் மார்லிஸ், கோட்டை மாட்டியபடி.
இங்கே சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும்.
டேசியா விரல்விட்டு எண்ணினாள்.
எண்ணி முடித்து, குழந்தையின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

குறிப்பில் எழுதினேன்:
எம். ட்வெய்ட், ஆதரவு. மூன்று நிமிடம்.
வேறு சாட்சிகள் இல்லை.

கதவு மூடியபோது ஹாகன் தன் பையைத் தடவினார்,
மஞ்சளாய் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது,
எழப் பார்த்தார், உட்கார்ந்தார்.
தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
அடுத்தது வாத்து வேட்டை உரிமக் கட்டணம்.

பச்சை.