முடிச்சுக்குக் கீழே

பண்டாரவளை லொறி
தர்மபுரம் சந்தியில் தார்ப்பாயை அவிழ்த்தபோது
எனக்குச் சம்பள நாள்.
ஐந்து ரோசாக் கண்டு வாங்கினேன்.
ஒன்று ஆயிரத்து இருநூறு.
வீட்டில் எண்ணூறு என்று சொன்னேன்.

விற்றவனின் சட்டைப் பையில்
'புஸ்பராஜ்' என்று நூலால் தைத்திருந்தது.
தையல் நேரில்லை.
முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்:
ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம்.

"தங்கச்சி, இது ஒட்டு.
அடியில முடிச்சு தெரியுதா?
அதுக்கு மேல வர்றது நான் வித்த பூவு.
கீழ வர்றது காட்டு ரோசா, விட்டா மேல உள்ளத முழுங்கிரும்.
இரக்கம் பாக்காம வெட்டிருங்க.
எலைய எண்ணிப் பாருங்க.
அஞ்சுன்னா விடுங்க,
ஏழுன்னா வெட்டுங்க."

அப்பா இப்படித்தான் பேசுவார்.
எழுபத்தேழில் ஒரு பெட்டியோடு இங்கே வந்தவர்.
கடைக்குப் போனால் மட்டும்
"ஓம்" என்று தொடங்குவார்.
நான் புஸ்பராஜுக்கு
"ஓம், ஓம்" என்று தலையாட்டி
காசை எண்ணிக் கொடுத்தேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்
கேத்திலுக்குள் சுண்ணாம்பு பூசும்.
இரண்டாம் மாதமே இலைகள் மஞ்சளாகி
நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது,
யாரோ வரைந்துவிட்டு
நிறம் தீட்ட மறந்ததுபோல்.
பக்கத்து வீட்டு இன்பராணி
முட்டைக்கோது போடச் சொன்னாள்.
சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு!
நான் துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தேன்,
தேயிலைச் சக்கை கொட்டினேன்,
மாரி மழையைப் பீப்பாயில் பிடித்து
அளந்து அளந்து ஊற்றினேன்.

மஞ்சள் ரோசாவை ஆடு தின்றது.
வெள்ளைக் கொடி ரோசா கழிப்பறைச் சுவரில் ஏறி
இரண்டு மொட்டு விட்டது.
இரண்டையும் குரங்கு கிள்ளி
முகர்ந்து பார்த்து எறிந்தது.
பட்டன் ரோசா மட்டும் ஒன்றையும் கேளாமல்
கொத்துக் கொத்தாய், மணமே இல்லாமல்
பூத்துக்கொண்டிருந்தது.
பன்னீர் ரோசாவுக்கு ஒட்டு இல்லை,
அதன் வேரும் பூவும் ஒன்றுதான்.
ஒரு தடியை ஒடித்து இன்பராணிக்குக் கொடுத்தேன்.
அவள் வளவில் அது
என்னுடையதைவிட உயரம்.

சிவப்புத்தான் நான் ஆசைப்பட்டது.
கறுப்போ என்று நினைக்கும் சிவப்பு,
ஒரு பூவுக்கு நாற்பது இதழ்.
ஒரே ஒரு தடவை பூத்தது.
அன்று இரவு வேலை,
நான் வரும்போது இதழ்கள் நிலத்தில்.
பிறகு சோளகம் வந்தது.
நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து காய்ந்து
முடிச்சில் வந்து நின்றது சாவு.

வேலைவிட்டு பஸ் இறக்கிவிடும்போது மணி பத்து.
கைபேசி வெளிச்சத்தில்தான் தண்ணீர் ஊற்றுவேன்.
அப்படி ஒரு நாள்
முடிச்சுக்குக் கீழே
ஒரு பச்சை விரல்.
குந்தியிருந்து எண்ணினேன்.
ஏழு.
இன்னோர் இலை. அதிலும் ஏழு.
நூல் வெட்டும் கத்தரி பையில் இருந்தது.
என் விரல்களில்
ஊசி குத்திய துளை எது
முள் குத்திய துளை எது என்று
எனக்கே தெரியாது.

உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தாள்.
"அம்மா, சாப்பிட்டிட்டீங்களோ?"
அவள் பேச்சில்
இந்த ஊரைத் தவிர வேறெதுவும் இல்லை.
எனக்குக் கோபம் வந்தால்,
தூக்கத்தில் யாரேனும் தட்டி எழுப்பினால்,
"ஆமா" என்றுதான் வாயில் வரும்.
வந்ததும் கடித்துக்கொள்வேன்.

கத்தரியைப் பைக்குள் போட்டேன்.
இரக்கம் என்று சொல்ல மாட்டேன்.
களைப்பாகவும் இருந்திருக்கலாம்.

தை பிறந்து பத்தாம் நாள்
வேலிவரை வளைந்த கிளை முழுக்க
நகமளவு வெள்ளைப் பூக்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்தே இதழ்.
பின்னேரமே உதிர்ந்தன,
விடிய வேறு வந்திருந்தன.
குரங்கு தொடவில்லை,
ஆடு ஒரு வாய் வைத்துவிட்டு
முள்ளுக்குப் பயந்து போய்விட்டது.

மாசியில் லொறி திரும்ப வந்தது.
சந்தியில் நல்ல சனம்,
சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய் வரிசை.
புஸ்பராஜுக்கு என்னை ஞாபகம் இருந்தது.
"என்ன தங்கச்சி, செவப்பு பூத்துச்சா?"

"ஆமா" என்றேன்.
வரிசையில் இருந்த இரண்டு பேர்
திரும்பிப் பார்த்தார்கள்.
"வெள்ளையா பூத்துச்சு.
இன்னொரு செவப்பு குடுங்க."

ஆயிரத்து ஐநூறு ஆகியிருந்தது.
வீட்டில் எண்ணூறு.