ஒரு நீளம், மூன்று குட்டை

காலை ஆறரைக்கு போன்.
தல்காவே துறையில் மட்டி எடைபோடும் கொட்டகையில்
கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லையாம்.
"ஃபேன் சுத்துது. திரை கறுப்பு.
பீப் பீப்னு எதுவோ சொல்லுது."
என்ன சொல்லுது?
"அந்த பாஷை நான் படிக்கலை"
என்று வைத்துவிட்டாள் எல்சீரா நௌட்டோ.

அன்குட்டிலிருந்து முதல் பஸ்.
மழை.
சிலோவே தீவில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் மூன்று வைத்தியர்கள் பார்த்திருந்தார்கள்.
முதலாளி குஸ்தோதியோ விலாவில் ஓர் அறை விட்டிருக்கிறார்,
நசுங்கல் சாட்சி.
படகோட்டி பெலார்மினோ
பிளக்கைப் பதினோரு தடவை பிடுங்கிச் செருகியிருக்கிறார்.
யாரோ சாமி படம் ஒட்டியிருக்கிறார்கள்,
காற்றுப் போகும் துளைகளை மறைத்து.

வெளியே அவருடைய ரொசெந்தா,
வயிற்றில் ஒன்பது டன் மட்டி.
எடை பதியாமல் இறக்க முடியாது.
ஓதம் வற்றிக்கொண்டிருக்கிறது.
பதினொரு மணிக்கு மேல் அது படகில்லை,
சேற்றில் உட்கார்ந்த வீடு.

மூடியைக் கழற்றினேன்.
பூனை மயிர். விறகடுப்புக் கரி.
ஒரு மட்டியோட்டுச் சில்லு
(எப்படி வந்தாய் என்று அதைக் கேட்கவில்லை).
எட்டு வருஷ உப்புக்காற்று
செம்பையெல்லாம் பாசி நிறமாக்கி வைத்திருந்தது.

ஒரு நீளம், மூன்று குட்டை.
இந்த மதர்போர்டின் பேச்சில்
"நினைவு தட்டுப்படவில்லை" என்று பொருள்.

ரப்பர் இருக்கிறதா என்றேன்.
எல்சீராவின் மகளுடைய பள்ளிப்பையிலிருந்து வந்தது,
ரோஸ் நிறம், ஸ்ட்ராபெர்ரி வாசனை.
மெமரி பட்டையின் தங்கப் பற்களை
ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.
அவ்வளவு மட்டி நாற்றத்துக்கு நடுவே
ஒரு நிமிஷம் மட்டும் ஸ்ட்ராபெர்ரி.

செருகினேன். பொத்தான்.
ஒரே ஒரு குட்டை.
கைதட்டினார்கள்.
பொறுங்கள் என்றேன்.

திரையில் வெள்ளை எழுத்து:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
காசு அளவு பேட்டரி செத்து எத்தனை நாளோ.
புதிது போட்டேன். தேதி கேட்டது.

இன்றைக்கு என்ன தேதி?
பதினாறு என்றார் குஸ்தோதியோ.
பதினேழு, சம்பளம் இன்னும் வரவில்லையே, என்றாள் எல்சீரா.
பெலார்மினோ ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துவிட்டு
தேய்பிறை ஏழாம் நாள் என்றார்.
அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கும்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

பதினேழு போட்டேன்.
"துவங்குவதற்கு வட்டு இல்லை" என்றது.

இப்போது யாரும் பேசவில்லை.
படகின் அடிவயிறு கல்லில் உரசுவது கேட்டது.

தெரியாதபோது செய்வது ஒன்றுதான்:
எல்லாவற்றையும் பிடுங்கு.
பிரிண்டர், தராசு வயர், மவுஸ்.
பின்பக்கம், தூசிக்கு அடியில்,
விரல் நகம் பெரிதான ஒரு பென் டிரைவ்,
நீல வலைநூலால் சுற்றிக் கட்டியது.
பேட்டரி செத்ததும் பழைய வரிசையை மறந்த பெட்டி
தினமும் முதலில் இதன் கதவைத் தட்டி,
பதில் வராமல்,
அங்கேயே நின்றிருக்கிறது.

இழுத்தேன்.
விண்டோஸின் கோலம் சுழல ஆரம்பித்தது.
குஸ்தோதியோ சத்தமாக ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இது யாருடையது?
என்னுடையதில்லை.
என்னுடையதில்லை.
எல்சீரா மட்டும் பதில் சொல்லாமல்
தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்,
அது ஏற்கனவே பூஜ்யத்தில்தான் நின்றது.

சாவிக்கொத்து மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன்.

பத்து ஐம்பதுக்கு ரொசெந்தா தண்ணீரைப் பிடித்துவிட்டது.
கூலியில் பாதி பணம், பாதி மட்டி.
கிளம்பும்போது பார்த்தேன்:
ஆணியில் சாவிகள் மட்டும்.

ரசீதில் எழுதினேன்:
மெமரி சுத்தம் செய்தது. பேட்டரி மாற்றியது.
பஸ்ஸில் மடியில் வைத்த பை
திருப்புளிப் பெட்டிமேல் சொட்டிக்கொண்டே வந்தது.
அந்த ரப்பரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.