இரண்டு நொடி

கேன்டீன் கோட்டாவில் அந்த மாடல் வரவில்லை.
எனக்கோ அதுதான் வேண்டும்,
கறுப்பு, முந்நூற்றைம்பது சிசி.
தெற்கு சூடானில், நைல் கரை முகாமில்,
மணல் மூட்டைமேல் உட்கார்ந்து
விலைப்பட்டியலை விரலால் பெரிதாக்கிப் படித்தேன்.
ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவு,
பிறகு எதற்கென்றே விளங்காத
ஹேண்ட்லிங் சார்ஜ், நாலாயிரத்து ஐந்நூறு.

"சேதாரம்னு நேரா எழுதிடுங்களேன்" என்றாளாம் மாதேஸ்வரி,
ஐந்து ரோடு ஷோரூமில், மேனேஜரின் முகத்துக்கு எதிரே.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில்
கொலுசுக்குக் கணக்கு எழுதுகிறவள்.
உருக்கினால் எவ்வளவு குறையும்,
உருக்காமலே எவ்வளவு குறைப்பார்கள்,
இரண்டும் தெரியும்.

நாள் குறித்ததும் அவள்தான்.
ஜூலை முப்பத்தொன்று, ஆடி பதினைந்து.
ஆடியில் புது வண்டி எடுக்க யார் வருவார்கள்,
ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.
மாசக் கடைசி வேறு, டார்கெட் கழுத்தை நெரிக்கும்.
"ரெண்டும் ஒரே நாள்ல மாட்டுது.
சாயங்காலம் ஆறுக்குப் போறேன், போன் பண்ணுவேன்,
நீங்க ரொம்பப் பேசாதீங்க."

அங்கே ஆறு, இங்கே இரண்டரை.
மழை விட்டிருந்தது. கறுப்புச் சேற்றில்
அச்சுவரை இறங்கிவிட்ட தண்ணீர் லாரியை
பதினோரு பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தோம்.
கயிற்றை ஹவில்தார் கையில் கொடுத்துவிட்டு
சேற்றுக் கையோடு போனை எடுத்தேன்.

மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் என்னை.
மேனேஜர் போஸ்கோ விலை சொன்னார்:
"சார், பட்டாளத்துக்காரருக்காக,
ரெண்டு இருபத்தொண்ணு."

உடனே "சரி" என்றேன்.

என் "சரி" வானத்துக்குப் போய்
எங்கோ சுற்றிவிட்டு
சேலத்தில் இறங்க இரண்டு நொடி ஆகும்.
அந்த இரண்டு நொடி
அங்கே மின்விசிறி மட்டும் ஓடியது.
"சார் யோசிக்கிறாரு போல" என்றார் போஸ்கோ.
"ஹெல்மெட் ரெண்டு தர்றேன்."
"சரிங்க, சரி" என்றேன்.
மறுபடி மின்விசிறி.
"கிராஷ் கார்டு."
மின்விசிறி.
"அந்த ஹேண்ட்லிங்கையும் விட்டுடறேன் சார்,
வாயத் திறந்து ஏதாச்சும் சொல்லுங்க."

நான் கத்தியேவிட்டேன். ஹவில்தார் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூறு.
ராத்திரி சொன்னாள்:
முதல் "சரி" கேட்கும் முன்னாலேயே
ஸ்பீக்கர்மேல் கட்டைவிரலை வைத்துவிட்டாளாம்.
என் சம்மதம் மூன்றும் அதற்கடியில் கிடந்திருக்கின்றன.
"உங்க முகம் இங்க இல்லாததுதான்
நாலாயிரத்து இருநூறு லாபம்" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பதினெட்டாம் பெருக்கன்று டெலிவரி.
டயருக்கு அடியில் எலுமிச்சை, டேங்க்கில் சந்தனம்.
யார் ஓட்டி வந்தது என்று கேட்டேன்.
பதில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது.
ஏற்காடு மலைப்பாதை, பதினாலாவது கொண்டை ஊசி,
சைடு ஸ்டாண்டில் என் வண்டி.
ஒரு ஹெல்மெட் கண்ணாடியில் தொங்குகிறது.
இன்னொன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்,
பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.
பின்னால் மேகமா, எவனாவது எரித்த குப்பைப் புகையா, தெரியவில்லை.
மீட்டரைத் தனியாக எடுத்து அனுப்பியிருந்தாள்:
நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
"முதல் சர்வீஸ் முடிஞ்சது. ஆயில் காசு வாங்கப் பாத்தான், விடல."

அன்று காலைதான் எங்களுக்கு ஆணை படித்தார்கள்.
இன்னும் நாலு மாதம் நீட்டிப்பு.

"எப்ப வர்றீங்க?" என்றாள்.

நான் பேசவில்லை.
ஒன்று. இரண்டு.
செயற்கைக்கோள்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

"மூணு எண்ணிட்டேன்" என்றாள் மாதேஸ்வரி.
"லைன் நல்லாத்தான் இருக்கு."