காய்ப்பு

கியூம்ரியில் ஜனவரி என்றால்
இரும்பு முதலில் கடிக்கும்,
அப்புறம்தான் கனக்கும்.

பழைய காலுறை ஆலையின் அடித்தளத்தில்
ஆறு பெண்கள், மூன்று கம்பிகள், ஒரு ஹீட்டர்.
ஷுஷானிக் கம்பிகளை ஹீட்டருக்கு எதிரே சாய்த்து
அப்பம் வாட்டுகிறவள் போல் திருப்பித் திருப்பி வைப்பாள்.
மினிபஸ் ஓட்டுகிறவள்.
கியர் மாற்றி மாற்றியே பாதிப் பிடி வந்தது என்பாள்.
மீதி, ஒரு வாளி கோதுமையிலிருந்து.
மணிக்கட்டு புதையக் கையை இறக்கி
விரித்து, மூடி, விரித்து,
முன்னங்கை எரியும்வரை
ஒவ்வொரு பிடியாக நசுக்கி விடவேண்டும்.
அந்தக் கோதுமையைச் சமைப்பதில்லை என்று
சத்தியம் செய்கிறாள்.
நான் அவள் வீட்டில் சாப்பிடுவதில்லை.

என் வேலை பாலிகிளினிக்கில் ரத்தம் எடுப்பது.
எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள்
நாற்பது முழங்கை மடிப்புகள்.
நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்கள் உண்டு.
எனக்கு இடக்கை ஆள்காட்டி விரலின் நுனிதான் கண்.
அதனால் கொக்கிப் பிடி:
கட்டைவிரல் கம்பியை அணைக்கும்,
இரண்டு விரல்கள் கட்டைவிரலைப் பூட்டும்.
நுனி இரும்பைத் தொடாது.
நசுங்குவதெல்லாம் கட்டைவிரல்தான், பாவம்.
முதல் மாதம் அது மரத்தே கிடந்தது,
கோட்டுக்குப் பொத்தான் போட
மாமிகோனைக் கூப்பிட்டேன்.

ஞாயிறு இரவு, வெந்நீரில் கை ஊறியபின்,
நுரைக்கல்லால் தேய்ப்பேன்.
மேடு தோலோடு மட்டமாகும்வரை.
அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தாலும்
நாளைக்குக் கொப்புளம்.
குறைவாக இழுத்தாலோ
மேடு கம்பியில் மாட்டி, தோல் கிழியும்.
பிறகு ஆப்ரிகாட் பருப்பெண்ணெய், இரண்டு சொட்டு.
எண்ணெய் கடையில் வாங்கியது.
இந்தக் குளிரில் வராது என்று எல்லோரும் சொல்லியும்
நாங்கள் வீம்புக்கு வைத்த மரம்
இந்த வருடமும் பின்பனிக்குப் பூவெல்லாம் கொட்டிவிட்டது.
'நம் வீட்டில் காய்த்தது உன் கை ஒன்றுதான்'
என்றான் மாமிகோன்.
சிரித்தேன். அவனும் சிரித்தான்.
யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு நான் கல்லைத் தொடவில்லை.

வியாழக்கிழமை, எழுபத்தொன்பது கிலோ,
முழங்கால் தாண்டும்போதே தெரிந்துவிட்டது,
இடக்கை மோதிர விரலின் அடியில்
கடித உறையைத் திறப்பது போல ஒரு சத்தமில்லாத பிரிவு.
விடவில்லை. தலைக்கு மேல் போனது.
அப்புறம்தான் பார்த்தேன்,
வெள்ளை மக்னீசியா மாவில் சிவப்பு.
'பிய்க்காதே' என்று கத்தியபடி வந்தாள் ஷுஷானிக்,
நகவெட்டிக் கத்தரியோடு.
தொங்கிய தோலை நறுக்கினாள், சோப்பால் கழுவினாள்.
எழுபத்தொன்பதுக்கு வராத சத்தம்
சோப்புக்கு வந்தது எனக்கு.

திங்கள்.
கையுறைக்குள் பஞ்சும் பிளாஸ்திரியும்
பூனைக்குட்டி புகுந்தது போல் புடைத்துக்கொண்டிருக்க,
பதினேழாவது ஆள், கல் உடைக்கிறவர், பெயர் கரேகின்.
'கையை இறுக்கி மூடுங்கள்.'
மூடினார். முழங்கையில் நரம்பு
கயிறாக எழுந்தது.
என் கையைப் பார்த்தார்.
'எந்தக் கல் கிழித்தது?'
'கல் இல்லை. இரும்பு. தூக்குகிறேன்.'
'என்ன கூலி?'
'நான்தான் கொடுக்கிறேன். மாதம் எட்டாயிரம் திராம்.'
அவர் சிரித்த சிரிப்பில் கை குலுங்கி
நரம்பு எங்கோ ஓடி ஒளிந்தது.
இரண்டாவது தடவை குத்தவேண்டியதாயிற்று.
என் ஏழு வருடத்தில் அது நான்காவது.

'போதும், விடுங்கள்.'
விரித்தார். ஐயோ, அந்த உள்ளங்கை.
விரல்களின் அடியில் நான்கு மேடுகள்,
ஒன்றில் பழைய வெடிப்பு, அதற்குள் கல்தூள்.
பையிலிருந்த என் நுரைக்கல்லை எடுத்து நீட்டினேன்,
எப்படித் தேய்ப்பது, எங்கே நிறுத்துவது,
எல்லாம் சொன்னேன்.
அடுத்தவர் சீட்டை ஆட்டிக்கொண்டு நின்றார்.

கரேகின் அதை வாங்கி
பஞ்சு ஒட்டியிருந்த கையாலேயே
ஒருமுறை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தார்.
'குவாரியில் இதை நாங்கள் தள்ளிவிடுகிறோம்' என்றார்.
'கனமே இல்லையே.'