மேற்படி பெட்டி

வயது பதினான்கு.
தகப்பன் பெயர், அழிந்துபோன ஸ்டிக்கர்.
இருப்பு: ஒத்தக்கடை, பவளம் டைப்பிங் சென்டர்,
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்.

காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு
வாசல் தெளித்து, டீ சொல்லி,
டீ வந்து, குடித்து, டம்ளரும் போன பிறகு
கண் திறக்கும்.
திறந்ததும் சொல்லும்:
இன்று ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து.
தினமும் அதே புத்தாண்டு.
நானும் தினமும் திருத்துவேன்.
மறந்த நாள்களின் மனுக்களெல்லாம்
ஒரே தேதியில் பிறந்து கிடக்கின்றன உள்ளே:
கண்மாய் ஆக்கிரமிப்பு, ஜீவனாம்சம்,
பென்ஷன் நிலுவை,
காணாமல் போன மகன்.

தவணையில் புதுசு எடுக்கச் சொன்னான்
பைபாஸ் ரோடு ஷோரூம்காரன்.
மாசம் மூவாயிரத்து நானூறு, பதினெட்டு மாசம்.
பக்கத்துக்கு இருபது வாங்குகிறவள்
பக்கமாகவே எண்ணிப் பார்த்தேன்.
நூற்றெழுபது பக்கம் மாசாமாசம் அவனுக்கே.
கேட்ட நிவாரணம் மறுக்கப்பட்டது.

பெனாசிர் வந்தாள், வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில்,
டிபன் பைக்குள் ஸ்க்ரூடிரைவரும் பெயின்ட் பிரஷ்ஷும்.
பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.

ஆனைமலை அடிவாரத்துச் செம்மண் பாதி,
மேலூர் லாரிகள் உதிர்த்த கல்மாவு பாதி,
கம்பளி போர்த்தியிருந்தது போர்டு.
விசிறிக்கடியில் பல்லி முட்டை ஓடு,
கோர்ட் ஃபீ ஸ்டாம்பின் கிழிந்த மூலை,
என் தலையிலிருந்து எப்போதோ விழுந்த
கனகாம்பரக் காம்பு.
கூட்டிப் பெருக்கிவிட்டதாக நான் நினைத்த வருஷமெல்லாம்
இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

"போர்டுக்கு ஒண்ணுமில்லக்கா,
நீங்கதான் மூச்சுவிட விடல."
காய்ந்த சந்தனமாய் வெடித்திருந்த பேஸ்ட்டைச் சுரண்டி
அரிசியளவு புதுசு வைத்தாள்.
ராம், செகண்ட் ஹாண்டு, அறுநூறு.
எஸ்எஸ்டி ஆயிரத்தெழுநூறு, சீட்டுக்கட்டைவிட மெலிசு.
தேதி மறந்ததற்குக் காரணம்
முப்பது ரூபாய் பேட்டரி, நெற்றிப்பொட்டு அளவு.
ரெண்டு வருஷமாய் நான் திட்டியது
முழுப் பெட்டியையும்.

புது விண்டோஸ் ஏறியது.
பழைய டிஸ்கிலிருந்து மனுக்கள் நகரத் தொடங்கின,
கலெக்டர் ஆபீஸ் வரிசை மாதிரி.
அப்போதுதான் ஒச்சம்மாள் வந்து உட்கார்ந்தாள்,
செல்லம்பட்டியிலிருந்து முதல் பஸ்.
பிரமாணப் பத்திரம் இன்றைக்குள் வேண்டும்.

எழுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
எனக்குக் கை நடுங்க, பெனாசிர் நகம் கடிக்க,
ஒச்சம்மாள் மட்டும் நிதானமாய்க் கேட்டாள்:
"ஏந்தாயி, அதுக்கும் வாய்தா போட்டுட்டாகளா?"

எட்டாவது நிமிஷம் மின்விசிறி சுற்றியது.
எழுபத்திரண்டு.

எல்லாம் வந்தபின் ஒருமுறை அணைத்து
மறுபடி அமுக்கினோம்.
பழக்கத்தில் டீ சொல்லத் திரும்பினேன்.
அதற்குள் விழித்துக்கொண்டு
செவ்வாய்க்கிழமை என்றது.
செவ்வாய்தான்.

பழைய மனுக்கள் மட்டும்
அந்தப் புத்தாண்டிலேயே நின்றுவிட்டன.
முப்பது ரூபாய்ப் பேட்டரிக்கு
முன்தேதியிட்டு அமலாகும் அதிகாரமில்லை.

ஒச்சம்மாளின் முதல் மனுவைத் தேடினேன்.
கேட்டு முடிப்பதற்குள் கிடைத்தது.
"அதையே வச்சுக்கிட்டு
வயச மட்டும் மாத்து தாயி."
ஐம்பத்திரண்டை அழித்தேன்.
அறுபத்துமூன்று.
மேற்படி நிலம், மேற்படி வரப்பு,
மேற்படி எதிர்மனுதாரர்,
எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

பிரின்ட் கொடுத்தேன்.
எட்டு வருஷமாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிரின்டர்
இவர் யாரென்றே தனக்குத் தெரியாது என்று
பிறழ்சாட்சி சொன்னது.

பெனாசிர் செருப்பைக் கழற்றிவிட்டு
மறுபடி உட்கார்ந்தாள், டிரைவர் தேட.
மணி மூணே கால்.
ஒச்சம்மாள் சுருக்குப்பையைத் திறந்து
வெற்றிலை எடுத்தாள்,
காம்பைக் கிள்ளி
என் குப்பைக்கூடையில் போட்டாள்.